மலைச்சாலை ஜீப்பும் கழுத்துக் காயமும்

போடிநாயக்கனூரில் கோழி கூவுவதற்கு முன்னரே ஜீப்புகளின் ஒலி கேட்கத் தொடங்கிவிடும். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் சிலமலை, இராசிங்காபுரம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் தூக்குச் சட்டியும் கம்பளியுமாகப் புறப்பட்டு, முந்தலைக் கடந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைந்து, அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் முதலிய இடங்களிலுள்ள தோட்டங்களுக்குச் செல்கின்றனர். மாலையில் அதே வழியில் இறங்குகின்றனர். இவ்வாறு நாள்தோறும் இருமுறை மலையேறி இறங்கும் மக்களின் உழைப்பினாலேயே போடிச் சந்தையில் ஏலக்காய் மணக்கிறது என்று கூறினால் அது மிகையாகாது.

இச்சாலையில் ஒரு ஜீப் கவிழ்ந்தால் செய்தித்தாள்கள் எழுதுகின்றன; அதிகாரிகள் விரைகின்றனர். ஆனால் கவிழாமல், உருளாமல், ஓர் இடியோடு அல்லது திடீர் பிரேக்கோடு முடிந்துவிடும் சிறு விபத்துக்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. இரத்தம் சிந்தவில்லை, எலும்பு முறியவில்லை என்றால் “ஒன்றுமில்லை, வண்டியை எடு” என்று பயணத்தைத் தொடர்வதே வழக்கம். அந்த “ஒன்றுமில்லை”க்குள் ஒளிந்திருக்கும் ஒரு காயத்தைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

முதலில் என் கதையையே கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சியில் குடிநீர்த் தொட்டியைப் பார்வையிடச் சென்றுகொண்டிருந்தேன். முன்னே சென்ற லாரி நிற்கவே, எங்கள் ஜீப்பும் நின்றது. பின்னால் வந்த வண்டி நிற்கவில்லை. பெரிய மோதலன்று, விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்ததோடு சரி. தொட்டியைப் பார்த்தேன், மாலையில் வீடு திரும்பினேன், நன்றாக உறங்கினேன். மறுநாள் காலையில் கண் விழித்தபோது, கூப்பிட்ட திசைக்குத் திரும்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. சுளுக்கு என்று எண்ணி, முடிதிருத்தும் நிலையம் ஒன்றிற்குச் சென்று, “சற்றுச் சொடுக்கு எடுத்துவிடுங்கள்” என்று கழுத்தை ஒப்படைத்தேன். “படக்” என்று ஓர் ஒலி கேட்டது. அதன் பிறகு இரண்டு வாரங்களுக்கு இடக்கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. மருத்துவர் என்னைக் கடிந்துகொண்ட சொற்களை இங்கே எழுதுவதற்கில்லை. பட்டம் பெற்றவன், ஊருக்குச் சுகாதாரம் போதிப்பவன், செய்த காரியம் இது.

அம்மருத்துவர் எனக்கு விளக்கியதும், பின்னர் நான் படித்தறிந்ததும் ஆகியவற்றின் சாரம் பின்வருமாறு.

மனிதனின் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுடையது. அதனைத் தாங்கி நிற்பவை ஏழு சிறிய கழுத்தெலும்புகளும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் நார்களும், சுற்றியுள்ள தசைகளுமே. முற்றிய கதிரைத் தாங்கி நிற்கும் சோளத்தட்டையின் அடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அடி முன்னே வரும். கதிர் நின்ற இடத்திலேயே ஒரு கணம் தயங்கும். பின்னர் வீசியெறிந்தாற்போல் முன்னே பாயும். தட்டை முறிவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான். வண்டியின் பின்புறம் மோதப்படும்போது இருக்கை நமது உடம்பை முன்னே தள்ளுகிறது, தலையோ பின்தங்குகிறது. கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னுக்கு வளைய, மேற்பகுதி முன்னுக்கு வளைய, கழுத்து ஒரு கணம் பாம்புபோல் நெளிகிறது. பின்னர் தலை முன்னோக்கி வீசப்படுகிறது. இவையனைத்தும் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் நிகழ்ந்துவிடுவதால், தசைகள் இறுகித் தற்காத்துக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை. வண்டிக்காரரின் சாட்டை வீச்சை ஒத்திருப்பதால் மேனாட்டார் இதற்கு “விப்லாஷ்”, அதாவது சாட்டைவீச்சுக் காயம், என்று பெயரிட்டனர். 1928-ஆம் ஆண்டில் ஹெரால்டு குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில் இச்சொல்லை வழங்கியதாகக் கூறுவர். நம் ஊரில் கழுத்துப் பிடிப்பு, பிடரி வலி, சுளுக்கு என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பெயர் எதுவாயினும் குற்றமில்லை. எதனால் வந்தது என்பதை மறக்காமல் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

இக்காயம் ஏற்படப் பெருவேகம் வேண்டும் என்பதில்லை. மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் போதும். பின்னாலிருந்து மோதினால்தான் வரும் என்பதுமில்லை. நம்முடைய ஜீப்புகளின் பின்பகுதியில் இருக்கைகள் பக்கவாட்டில், எதிரும் புதிருமாக அமைந்திருக்கின்றன. சாய்வதற்கு முதுகுப்புறத்தில் தகடோ தார்ப்பாயோதான் உண்டு. தலையைத் தாங்க எதுவுமில்லை. இடுப்பு வாரும் இல்லை. வளைவில் எதிரே வண்டி வந்து ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால், அமர்ந்திருப்போரின் கழுத்து முன்பின்னாக அன்றிப் பக்கவாட்டில் வீசப்படுகிறது. விடியற்காலைப் பயணத்தில் பலர் உறங்கிக்கொண்டும் இருப்பர். உறங்குபவரின் கழுத்துத் தசை தளர்ந்திருக்கும். வரப்போகும் குலுக்கலை அவர் அறியார்.

இக்காயத்தின் பெரிய வஞ்சகம், அது உடனே தெரியாததே. வலியும் விறைப்பும் சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ, சிலருக்கு இரண்டு மூன்று நாட்கள் கழித்தோதான் தோன்றும். பிடரியில் தொடங்கித் தலையின் பின்புறம் ஏறும் தலைவலி, தோளிலும் முதுகின் மேற்பகுதியிலும் வலி, கழுத்தைத் திருப்ப இயலாமை, தலைச்சுற்றல், உறக்கமின்மை, மனம் ஒன்றில் நிலைக்காமை ஆகியவை இதன் அடையாளங்கள். தோட்ட வேலைக்குச் செல்லும் அம்மையார் ஒருவர், ஜீப் பிரேக் போட்ட மூன்றாம் நாளில் தொடங்கிய தலைவலிக்குக் கண்பார்வைக் குறைவே காரணமென்று எண்ணிக் கண்ணாடி வாங்கி அணிந்துகொண்டிருந்ததை நானறிவேன். ஒரு மாதம் கழித்துத்தான் அவருக்கு அந்த பிரேக் நினைவுக்கு வந்தது. கண்ணாடியின் விலை ஆறு நாள் கூலி என்று வருந்திக் கூறினார்.

1995-ஆம் ஆண்டில் கனடாவிலுள்ள கியூபெக் மாநிலத்தில் அமைக்கப்பட்ட வல்லுநர் குழுவொன்று இக்காயத்தைப் படிகளாக வகுத்தது. வலியும் விறைப்பும் மட்டும் இருப்பது முதற்படி. அதனுடன் கழுத்தின் அசைவு குறைந்து, தொட்டால் குறிப்பிட்ட இடத்தில் நோவது இரண்டாம் படி. கை மரத்தல், வலுக்குறைதல் போன்ற நரம்புக் குறிகள் சேர்ந்தால் மூன்றாம் படி. எலும்பு முறிந்தோ நழுவியோ இருப்பது நான்காம் படி. முதலிரண்டு படிகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆலோசனையோடு வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம். மூன்றும் நான்கும் மருத்துவமனைக்குரியவை. எந்தப் படி என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும் என்றாலும், எப்பொழுது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு பஞ்சாயத்து அங்கத்தினரும் அறிந்திருக்க வேண்டும்.

கையிலோ காலிலோ மரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, பலவீனம், நடை தள்ளாடுதல், சிறுநீர், மலம் அடக்க முடியாமை அல்லது கழிக்க முடியாமை, கழுத்தின் நடுவெலும்பைத் தொட்டாலே தாங்க முடியாத வலி, நினைவு தப்புதல், திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடிவரும் தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிதல், ஒரு கண் இமை தொங்குதல், விழுங்க முடியாமை. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது சுளுக்கன்று. கடைசியாகக் கூறியவை, கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும். அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், வண்டியிலிருந்து வெளியே எறியப்பட்டவர்கள், கவிழ்ந்த வண்டிக்குள் இருந்தவர்கள், மூன்றடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தவர்கள் ஆகியோரை, வலி குறைவாக இருப்பினும், மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை. முதியவர்களின் எலும்பு சிறு அதிர்ச்சிக்கும் விரிசல் விடும்.

நிற்க. விபத்து நடந்த இடத்தில் நாம் செய்யும் தவறுகளைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. நம் மக்களுக்கு இரக்கம் மிகுதி. ஜீப் கவிழ்ந்த ஓசை கேட்டால் தோட்டத்திலிருப்போரும் கடையிலிருப்போரும் ஓடோடி வருவர். ஆனால் வந்தவுடன் கையைப் பிடித்து ஒருவர் இழுக்க, காலைப் பிடித்து ஒருவர் தூக்க, அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்து ஒரு சோடாவையும் வாயில் ஊற்றி, மற்றொரு ஜீப்பில் மடக்கிக் கிடத்தி மலையிலிருந்து இறக்குவர். கழுத்தெலும்பு முறிந்திருக்குமானால், இந்த உபகாரத்தினால் எலும்பு நழுவித் தண்டுவடம் நசுங்கிக் கைகால் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். விபத்தில் தப்பிய தண்டுவடம் நம் கையில் அழிவது எத்தனை கொடுமை!

தீப்பற்றும் அபாயமோ, வண்டி மேலும் உருளும் அபாயமோ இல்லையெனில் அடிபட்டவரை இருந்த இடத்திலேயே விட வேண்டும். முதலில் மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும்; மூச்சே முதன்மையானது, கழுத்து அதற்கு அடுத்ததுதான். நினைவிருந்தால், “தலையை அசைக்காதீர்கள், நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்ல வேண்டும். ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரு உள்ளங்கைகளாலும் காதோரமாகத் தலையைப் பிடித்து, உள்ள நிலையிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இழுக்கவும் கூடாது, நேராக்குகிறேன் என்று வலிந்து திருப்பவும் கூடாது. வாந்தி வந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே மரக்கட்டை போலத் திரும்புமாறு நான்கு பேர் சேர்ந்து ஒருங்கே பக்கவாட்டில் உருட்ட வேண்டும். தலையைப் பிடித்திருப்பவரே “ஒன்று, இரண்டு, மூன்று” எனக் குரல் கொடுக்க வேண்டும். உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்கலாகாது.

இதற்கிடையில் ஒருவர் 108-க்கு அழைக்க வேண்டும். இவ்வூர்தித் திட்டம் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. அழைப்பவர் “போடி மலையில் விபத்து” என்று மட்டும் சொன்னால் எவருக்கும் விளங்காது. முந்தலிலிருந்து எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேலா கீழா, எத்தனை பேர் அடிபட்டிருக்கின்றனர் என்று கூற வேண்டும். கைப்பேசி எட்டாத இடமாயின் ஒருவர் வண்டியில் சென்று, எட்டும் இடத்திலிருந்து பேச வேண்டும். ஊர்தி வர இயலாது என்ற நிலை உண்டானால் மட்டும், தட்டையான தளமுள்ள சரக்கு வண்டியில், பலகையின் மேல் நீட்டிக் கிடத்தி, சுருட்டிய கம்பளியைத் தலையின் இருபுறமும் அணைவாக வைத்துக் கட்டி, மெதுவாக இறக்கலாம்.

காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரும் என்ற அச்சத்தால் உதவத் தயங்குவோர் உண்டு. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைக் கூறுமாறு அவரை வற்புறுத்தலாகாது. தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய “இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48” திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெறலாம். போடிமெட்டிற்கு அப்பால் கேரள எல்லை தொடங்கிவிடுகிறது என்பதை நினைவிற் கொள்க. விபத்து எந்தப் பக்கத்தில் நடந்தது என்பதைத் தெளிவாகக் கூறுவது பின்னால் பல சிக்கல்களைத் தவிர்க்கும். சிறு மோதலாயினும் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்துவிடுவது நன்று. கழுத்துக் காயம் கண்ணுக்குத் தெரியாத காயம். எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. இழப்பீடு கோரும்போது அந்த ஒரு வரி எழுத்தே தொழிலாளிக்குச் சாட்சி.

எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. “படம் எடுக்காமலே அனுப்பிவிட்டார்” என்று மருத்துவரைக் குறை கூறுவோர் உளர். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். நாரும் தசையும் தெரிவதில்லை. கனடா நாட்டு மருத்துவர்கள் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியொன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. நல்ல நினைவோடு இருக்கும் ஒருவருக்கு மேற்கூறிய ஆபத்துக் காரணங்கள் இல்லாமலும், எழுந்து நடந்தது போன்ற நல்ல குறியொன்று இருந்தும், அவர் கழுத்தைத் தாமாகவே வலமும் இடமும் 45 பாகை திருப்ப முடிந்தால் படம் தேவையில்லை என்பது அவ்விதியின் கருத்து. இந்தச் சோதனையை மருத்துவர் செய்ய வேண்டும். சாலையோரத்தில் நாம் செய்து பார்க்கலாகாது.

இனி, ஆபத்தில்லை என்று மருத்துவர் கூறிய பின் வீட்டில் செய்ய வேண்டியவை. முன்னாளில் கழுத்துப் பட்டையைக் கட்டி வாரக்கணக்கில் படுக்க வைப்பது வழக்கமாயிருந்தது. அவ்வாறு செய்தால் தசைகள் மெலிந்து, மூட்டுக்கள் இறுகி, வலி நீடிக்கிறது என்று இன்று தெளிவாகியிருக்கிறது. ஆகவே மருத்துவர் சொன்னாலன்றிப் பட்டை வேண்டாம்; சொன்னாலும் சொன்ன நாட்களுக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு நாட்கள் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். பிறகு நம் பாட்டிமார் செய்யும் உப்பு ஒத்தடமோ மணல் ஒத்தடமோ இதமளிக்கும். சூட்டை முதலில் தம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றோ இரண்டோ ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை உட்கொள்ளலாம். ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. மது அருந்துவோரும் கல்லீரல் நோயுள்ளவரும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் கடையில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது.

மருந்தினும் பெரிது அசைவு. கழுத்தை மெதுவாக வலப்புறம், இடப்புறம் திருப்புதல். காதைத் தோளை நோக்கிச் சாய்த்தல். தாடையை மார்பை நோக்கித் தாழ்த்துதல். தோள்களை உயர்த்திச் சுழற்றுதல். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை போதும். சிறிது நோவு இருக்கும், அஞ்ச வேண்டியதில்லை. வலி கைக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். தடித்த தலையணையை அகற்றி மெல்லிய ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு வேலையும் நடையும் தொடரலாம். ஆனால் தலைச்சுமை ஆகாது. தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, விறகு, காய் மூட்டை எதுவாயினும் வலி நீங்கும் வரையில் தலையில் ஏற்றக் கூடாது. இதைச் சொல்வது எளிது. அன்றாடக் கூலியை நம்பியவர் கடைப்பிடிப்பது அரிது என்பதை அறிவேன். தோட்ட உரிமையாளர்கள் அத்தகையோருக்கு இரண்டொரு வாரம் காய் தரம் பிரித்தல் போன்ற இலகுவான வேலை கொடுத்தால், ஆறு மாத நோயாளியை ஒரு மாதத்தில் திரும்பப் பெறுவார்கள்.

பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. ஆரம்பத்தில் வலி கடுமையாக இருந்தவர்களும், அஞ்சி அசையாமலே இருந்தவர்களும் இவர்களுள் மிகுதி. அவர்களைச் “சோம்பல்” என்று ஏசுவது அநியாயம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து உடற்பயிற்சிச் சிகிச்சை அளிக்கும் பணியாளர் உள்ளனர்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி கூறுவர்.

சொடுக்கு எடுத்தல், கழுத்தை முறுக்கி நெட்டி முறித்தல், எண்ணெயிட்டு ஓங்கித் தேய்த்தல் ஆகியவை கூடா. என் விரல்களின் கதையை முன்பே கூறிவிட்டேன்.

வராமல் காப்பதற்கும் வழியுண்டு. முன்னிருக்கையில் தலைச்சாய்வு இருக்குமானால் அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்திற்கு உயர்ந்தும், பின்தலைக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பலர் அதனைத் தாழ்த்தியே விட்டுவிடுவதால் அது பயனற்றுப் போகிறது. இச்சாதனத்தை அமெரிக்க நாடு 1969-ஆம் ஆண்டு முதலே புதிய கார்களின் முன்னிருக்கைகளுக்குக் கட்டாயமாக்கியது. பின்பகுதியில் அமர்வோர் மேற்கம்பியைப் பற்றிக்கொண்டு, உறங்காமல், ஓட்டுநரின் பக்கமாக முகத்தைத் திருப்பியிருத்தல் ஓரளவு உதவும். அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்பில் பற்றிக்கொள்ளக் கம்பியும் மிஞ்சாது. ஆளேற்றும் அளவைப் பற்றி ஊராட்சியும் கங்காணிகளும் ஓட்டுநர்களும் கூடிப் பேசி, பறிப்புக் காலம் தொடங்குவதற்கு முன்பே ஓர் உடன்பாட்டிற்கு வரலாம். மூடுபனிக் காலத்தில் முன்வண்டியை ஒட்டிச் செல்லாமல் இடைவெளி விடுவதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

முந்தலிலும் போடிமெட்டிலும் விடியற்காலையிலேயே திறக்கும் தேநீர்க்கடைகள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றில், அடிபட்டவரைக் கிடத்தும் பலகை ஒன்றும், பழைய கம்பளி இரண்டும், அகன்ற துணிப்பட்டை ஐந்தாறும் வைத்திருக்க ஊரார் ஏற்பாடு செய்யலாம். பலகை ஆறடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இருந்தால் போதும். தூக்குவதற்கு வாய்ப்பாக இருபுறமும் கைநுழையும் துளைகள் வேண்டும். சிராய் இல்லாமல் இழைத்திருக்க வேண்டும். உள்ளூர்த் தச்சர் அரை நாளில் செய்து கொடுத்துவிடுவார்.